திரட்டிகளின் காலம்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தமிழ் வலைப்பதிவு ஒன்றைத் திறந்து, பின்னூட்டங்கள் வரை இறங்கிப் படித்தால் 'த.ம. 3', 'த.ம. 5' என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே கொண்ட வரிகள் கண்ணில் படும். அந்தக் காலத்தை அறியாதவருக்கு ஒன்றும் விளங்காது. தமிழ்மணம் திரட்டியில் இந்த இடுகைக்கு விழுந்த மூன்றாவது ஓட்டு என்னுடையது, ஐந்தாவது என்னுடையது என்று வாசகர்கள் சொல்லிவிட்டுப் போன அடையாளம் அது. இன்னும் கொஞ்சம் கீழே, தமிழிஷ் தளத்திலும் ஓட்டுப் போட்டாயிற்று என்று வேறொருவர் எழுதியிருப்பார். தமிழில் எதைப் படிக்கலாம் என்பதைப் பத்திரிகை ஆசிரியர்கள் அல்லாமல் வாசகர்களே கூடி முடிவு செய்த ஒரு பத்தாண்டின் தடயங்கள் இவை.

அதற்கு முன்பு தமிழ் இணையம் தீவுகளாகக் கிடந்தது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவாதவருக்குத் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் முன்வைக்கப்பட்டன. மடற்குழுக்களில் டிஸ்கி குறியேற்றம் செல்வாக்கோடு இருந்தது. யூனிகோடு பரவி, விண்டோஸிலேயே லதா எழுத்துரு வந்து, இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் தட்டச்சை எளிதாக்கிய பிறகுதான் 2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்டன. எழுதுவோர் பெருகினார்கள். ஆனால் யார், எங்கே, என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது.

காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பதிவு செய்துகொண்ட வலைப்பதிவுகளின் செய்தியோடைகளைப் படித்து, புதிய இடுகையின் தலைப்பு, எழுதியவர் பெயர், முதல் சில வரிகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் தளம், அதாவது திரட்டி, அது. புதியது மேலே வரும். பழையது கீழே நழுவும். யாராவது பின்னூட்டம் இட்டால் மறுமொழி பெற்ற இடுகைகளின் பட்டியலில் அது மீண்டும் தலைகாட்டும். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அறிவித்து முகப்பில் இடம் கொடுத்தார்கள். துபாயில் அறைத்தோழர்கள் தூங்கிய பிறகு எழுதியவரையும், டொராண்டோவில் பனிக்காலத்தில் எழுதியவரையும், மதுரையில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து எழுதியவரையும் அந்தப் பக்கம் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆக்கியது. தமிழில் அதற்கு முன் அப்படி ஒரு முற்றம் இருந்ததில்லை.

அந்த முற்றத்துக்குரிய குறும்புகளும் சேர்ந்தே வந்தன. பின்னூட்டம் விழுந்தால் இடுகை மேலே நிற்கும் என்று தெரிந்ததும் நண்பர்கள் கூடி ஒரே இடுகையில் நூறு, இருநூறு பின்னூட்டங்கள் போட்டார்கள். இதற்குக் 'கும்மி' என்று பெயர். கும்மி அளவு மீறியதும் தமிழ்மணம் பின்னூட்ட உயரெல்லை கொண்டுவந்தது. அந்த எண்ணிக்கையைத் தாண்டிய இடுகை பட்டியலில் காட்டப்படாது. ஒரு சமூகம் தன் விதிகளைத் தானே எழுதக் கற்றுக்கொண்டது இப்படித்தான். அந்த விதி பற்றிய சண்டையும் இடுகைகளாகவே வந்தது.

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் வேறொரு முறை தலையெடுத்திருந்தது. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் கெவின் ரோஸும் நண்பர்களும் தொடங்கிய டிக் தளத்தில் சுட்டியைக் கொடுப்பவரும் வாசகர், அதை முகப்புக்கு ஏற்றுபவரும் வாசகர். 2005 ஜூனில் ரெட்டிட் வந்தது. இரண்டும் ஆங்கிலம். அவ்வளவு பெரிய போட்டி இருக்கும்போது சிறு மொழிக்காரர்களுக்கு இடம் ஏது என்ற கேள்விக்கு ஸ்பெயினிலிருந்து பதில் வந்தது. மயோர்க்கா தீவில் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ரிக்கார்டோ கால்யியும் அவரோடு பெஞ்சமி வில்யோஸ்லாதாவும் 2005 டிசம்பரில் மெனெயாமே என்ற ஸ்பானியத் தளத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஏற்கெனவே 1999 முதல் பார்ராபுந்தோ என்ற தளம் இருந்தது. ஆனால் அதில் செய்தியைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆசிரியர்கள். மெனெயாமே தொடங்கிய அதே மாதம் போலந்தில் விகோப் தளமும் போலந்து மொழியில் தொடங்கியது.

மெனெயாமேயின் உள்வேலை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் 'கர்மா' என்ற மதிப்பெண் உண்டு. புதியவர் ஆறில் தொடங்குவார்; உச்சம் இருபது. ஓட்டின் எடை அந்த மதிப்பெண்ணைப் பொறுத்தது. எதிர் ஓட்டும் போடலாம், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும்: பழைய செய்தி, தவறான செய்தி, பரபரப்புக்காக எழுதியது, ஏற்கெனவே வந்தது என்று பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போதும் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்பவர்களின் நெருக்கத்தை நிரலே கணக்கிட்டு, அவர்கள் ஓட்டின் வலுவைக் குறைத்துவிடும். அந்த நிரலையும் தளத்தைத் தொடங்கியவர்கள் ஒளித்துவைக்கவில்லை. கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அதிலிருந்து பிளிக் என்ற மென்பொருள் கிளைத்தது. அதை இறக்கி ஒரு வழங்கியில் நிறுவினால் எந்த ஊர்க்காரரும் தம் மொழியில் ஓட்டுத் தளம் நடத்தலாம் என்ற நிலை வந்தது.

தமிழில் அந்த ஓட்டு முறையைப் பரவலாக்கியது தமிழிஷ். அது வந்தபோது களம் காலியாக இல்லை. தமிழ்மணம் ஆழ வேரூன்றியிருந்தது. காசியிடமிருந்து தமிழ் மீடியா இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் பொறுப்புக்கும் அது மாறியிருந்தது. 2006இல் மாதாந்திரப் போட்டிகளால் பலரை எழுதவைத்த தேன்கூடு திரட்டி, அதை நடத்தியவர் இளம் வயதிலேயே காலமானதால் நீடிக்கவில்லை. தமிழ்வெளி, 'திரட்டி' எனப் பிற தளங்களும் இருந்தன. இன்னொரு திரட்டி எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய.

தமிழிஷ் பிழைத்ததற்குக் காரணம், அது தமிழ்மணம் செய்ததை மீண்டும் செய்யாததுதான். தமிழ்மணத்தில் இடம்பெற வலைப்பதிவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழிஷில் எந்தச் சுட்டியையும் எந்த வாசகரும் சேர்க்கலாம். நாளிதழ்ச் செய்தி, திரை விமர்சனம், நிழற்படம், காணொளி எல்லாம் வந்தன. தமிழ்மணத்தில் நேரம் ஆளும்; காலை எட்டு மணிக்கு எழுதியது மாலைக்குள் காணாமல் போகும். தமிழிஷில் ஓட்டு ஆளும். போதிய ஓட்டு விழுந்தால் 'பிரபலமானவை' பகுதிக்கு ஏறி, நல்ல கட்டுரை ஒரு நாளாவது நிற்கும். அப்படி ஏறியதும் எழுதியவருக்கு வாழ்த்து மடல் ஒன்று வந்து சேரும். எழுத்துக்குச் சன்மானமே இல்லாத இடத்தில் அந்த ஒற்றை மடலுக்கு இருந்த மதிப்பைப் பழைய பதிவர்கள் இன்றும் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமான வேலை ஓட்டுப்பட்டை. இடுகையின் அடியில் ஒட்டிக்கொள்ளச் சிறு நிரல்துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வாசகர் திரட்டிக்குப் போக வேண்டியதில்லை. படித்த இடத்திலேயே ஓட்டுப் போடலாம். ஒவ்வொரு பதிவரின் பக்கமும் தளத்துக்கான விளம்பரப் பலகையானது. தமிழ்மணமும் தன் பட்டையில் ஆதரவு, எதிர்ப்பு ஓட்டுகளுக்கு இடம் தந்தது. தமிழ்10, உலவு என்று புதிய தளங்களும் பட்டைகளோடு வந்தன. நான்கைந்து பட்டைகள் அடுக்கிய வலைப்பதிவு, மெதுவான இணைப்பில் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனாலும் யாரும் கழற்றவில்லை.

பட்டை கொண்டுவந்த நோய்க்கு 'மொய்' என்று பெயர் வைத்தார்கள். நீ எனக்கு ஓட்டுப் போட்டாய், நான் உனக்குத் திருப்பிப் போடுகிறேன். படிக்காமலே ஓட்டு விழுந்தது. டிக்கிலும் சில முன்னணி உறுப்பினர்கள் கூட்டாக முகப்பைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. ஆனால் அங்கே முகப்பு ஏறப் பெருந்திரளான ஓட்டு வேண்டும். தமிழில் வாசகர் தொகை சிறியது. பத்து நண்பர்கள் மனம் வைத்தால் போதும். மெனெயாமே நிரலுக்குள்ளேயே கட்டிய தடுப்பு இங்கேதான் மிகவும் தேவைப்பட்டது. பரபரப்புத் தலைப்பும் திரைப்படக் கிசுகிசுவும் மேலே ஏற, உழைத்து எழுதிய அறிவியல் கட்டுரை மூன்று ஓட்டோடு கீழே கிடந்த நாள்கள் பல. அது உண்மையான இழப்பு.

ஆனால் மொய்யை மட்டும் வைத்து அந்தக் காலத்தை எடைபோடுவது நியாயமாகாது. எந்தப் பத்திரிகையிலும் பெயர் அச்சாகாதவர்களுக்கு முதல் வாசகர்களைத் தந்தவை இந்தத் தளங்கள்தான். 2009இல் ஈழப் போரின் இறுதி மாதங்களில், தமிழகத்து நாளிதழ்களில் இடம் கிடைக்காத குரல்கள் திரட்டிகளின் முகப்பில் நின்றன. புலம்பெயர்ந்தோரும் தமிழகத்தாரும் ஒரே பக்கத்தில் கோபித்துக்கொண்டார்கள், அழுதார்கள், ஒருவரையொருவர் திட்டவும் செய்தார்கள்.

கூட்டம் கலையத் தொடங்கிய தருணத்தையும் ஓரளவு குறிப்பிட முடியும். 2011 ஜனவரியில் தமிழக மீனவர்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்துத் தமிழர்கள் ட்விட்டரில் ஒரே குறிச்சொல்லின் கீழ் திரண்டார்கள். பதிவர்களே அதில் முன்னின்றார்கள். ஆனால் களம் திரட்டி அல்ல. அதற்குள் தமிழிஷ் இன்ட்லி என்று பெயர் மாறியிருந்தது. வெளியிலும் கூட்டம் கலைந்தது. 2010 ஆகஸ்டில் டிக் தன் தளத்தை அடியோடு மாற்றியமைத்தபோது வாசகர்கள் கோபித்துக்கொண்டு ரெட்டிட்டுக்குப் போனார்கள். 2012இல் டிக் விற்கப்பட்டது. செய்தியோடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. சுட்டி பகிரும் பழக்கம் ஃபேஸ்புக்குக்கும் பிறகு வாட்ஸப் குழுக்களுக்கும் இடம்பெயர்ந்தது. அங்கே எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் விதியை எந்த வாசகரும் பார்க்க முடியாது, எதிர்த்து ஓர் இடுகை எழுதி மாற்றவும் முடியாது.

ஸ்பெயினில் நெருக்கடி வேறு வழியில் வந்தது. செய்தித் துணுக்கு காட்டும் தளங்கள் நாளிதழ்களுக்குக் கட்டணம் தர வேண்டும் என்று 2014இல் சட்டம் இயற்றினார்கள். கூகுள் அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே தன் செய்திச் சேவையையே மூடியது. 2022இல்தான் திரும்ப வந்தது. மெனெயாமே வாசகர்களோ அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்ட நாளிதழ்களின் சுட்டிகளைப் புறக்கணித்தார்கள். தளம் அந்தப் புயலைத் தாண்டி நின்றது.

தமிழ்த் திரட்டிகள் நிற்கவில்லை. இணைய ஆவணகத்தில் அவற்றின் முகப்புப் பக்கங்கள் விட்டுவிட்டுக் கிடைக்கின்றன. ஓட்டு எண்ணிக்கைகள், உறுப்பினர் விவாதங்கள், நட்சத்திர வாரப் பட்டியல் போன்றவற்றை முழுமையாகப் பார்க்க வழியில்லை. தமிழ் எழுத்துலகம் ஒரு பத்தாண்டு எதைப் படித்தது, எதற்குச் சண்டை போட்டது என்பதற்கான சான்றுகள் அவை. அந்தத் தளங்களை நடத்தியவர்களிடம் பழைய தரவுத்தளக் காப்புகள் இருக்குமானால், நூலகம் நிறுவனத்திடமோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ அவற்றை ஒப்படைக்க முன்வர வேண்டும். பதிவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ப்ளாகர் தளத்தின் அமைப்புகள் பக்கத்தில், இடுகைகளையும் பின்னூட்டங்களையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கடவுச்சொல் நினைவில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.