செம்பனை: எந்தச் சிவப்பு?

ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் பக்கம் போனாலும் பத்து பகாட் பக்கம் போனாலும் சாலையோரத்தில் நிற்கும் மரத்துக்கு மலேசியத் தமிழர் சொல்லும் பெயர் செம்பனை. செம்மை என்ற பண்புப்பெயர் ஈறு கெட்டுப் பனையோடு புணர்ந்த சொல் இது. செம்பருத்தியும் செம்மரமும் பிறந்த அதே வார்ப்பு. தமிழ்நாட்டில் செம்பனை என்ற சொல் அதிகம் புழங்குவதில்லை. அங்கே இந்த மரத்தின் எண்ணெயான, நியாயவிலைக் கடையில் வாங்கும் பாமாயிலைத்தான் எல்லாரும் அறிவார்கள். எண்ணெயை மட்டும் கண்டவர்கள் எண்ணெயின் பெயரோடு நின்றார்கள். மரத்தோடு வாழ்ந்தவர்கள் மரத்துக்குப் பெயரிட்டார்கள்.

மலாயில் இது கெலாப்பா சாவிட். கெலாப்பா என்றால் தென்னை. தாவரவியலும் இதைத் தென்னையின் நெருங்கிய உறவாகத்தான் வகைப்படுத்துகிறது. நம் பனையோ சற்றுத் தூரத்து உறவு. அதற்காகத் தமிழ்ப் பெயரைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. கூந்தற்பனை, தாளிப்பனை என்று வெவ்வேறு மரங்களையும் பனை என்றே அழைத்துப் பழகிய மொழி இது.

என்னை உறுத்துவது 'செம்' என்ற அடைதான். எதன் சிவப்பு அது? குலை பழுத்தால் கருமை மாறிச் செம்மஞ்சள் ஏறும். அதைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். ஆனால் மலேசியச் சமையலறைக்கு வரும் எண்ணெயில் அந்த நிறம் இல்லை. சுத்திகரிக்கும்போது களிமண் சேர்த்து வெளுக்கிறார்கள், பிறகு கடும் சூட்டில் வாடை நீக்குகிறார்கள். நிறம் தரும் கரோட்டின் போய்விடுகிறது. மிஞ்சுவது வெளிர்மஞ்சள். பெயரில் உள்ள சிவப்பை அடுப்பங்கரையில் காண வேண்டுமென்றால் இந்த மரத்தின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் இந்த எண்ணெயை 'எப்போ புப்பா' என்கிறார்கள். எப்போ எண்ணெய், புப்பா சிவப்பு. (அவர்களுடைய பகரம் ககரத்தோடு சேர்ந்து ஒரே நொடியில் பிறக்கும் ஒலி, நம் எழுத்தில் அதை முழுதாகக் காட்ட முடியாது.) அடை இல்லாமல் எப்போ என்றாலே அங்கே பெரும்பாலும் இந்த எண்ணெய்தான், கடலை எண்ணெய் போன்றவற்றுக்கு 'ஒரோரோ' என்ற வேறு சொல் உண்டு. எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய் நம்மிடம் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகி, கடைசியில் மண்ணெண்ணெய் வரை போனது. எப்போவும் அப்படியே பெட்ரோல் வரை போயிருக்கிறது.

அந்தச் சிவப்பை உணவில் காண நான் காட்டுவது 'எஃபோ ரிரோ' என்ற கீரைக் குழம்பு. எஃபோ கீரை, ரிரோ கிளறியது. இதற்கு ஷொக்கோ என்று அவர்கள் பறிக்கும் கீரை, தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளில் தானாக முளைக்கும் நம் பண்ணைக்கீரையே. அது கிடைக்காத ஆயர் ஈத்தாமில் சந்தைத் தண்டுக்கீரை போதும். யொரூபா வீடுகளிலும் தண்டுக்கீரை இனத்தைப் போடுவார்கள். சிவப்புக் குடைமிளகாய், காரமிளகாய், வெங்காயம் மூன்றையும் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயைக் காயவைத்து, நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, 'இரூ' சேர்ப்பார்கள். இது ஒருவகை மரவிதையை வேகவைத்துப் புளிக்கவைத்தது, வாடை தூக்கும். நம்மூரில் இறாலைப் புளிக்கவைத்த பெலாச்சான் போடலாம் என்று தோன்றும். போடலாம், ஆனால் விதையின் ருசி வேறு, இறாலின் ருசி வேறு. அரைத்த விழுது எண்ணெய் பிரியும்வரை வதங்க வேண்டும். கருவாடும் உலர் இறால் பொடியும் அதன்பின். கீரையைக் கொதிநீரில் காட்டி, ஒட்டப் பிழிந்து, கடைசியில் போட்டுக் கிளறி இறக்க வேண்டும். தண்ணீர் விட்டால் கெட்டது. இடித்த சேனைவள்ளியோடு உண்பார்கள். நம் வீட்டில் சோறு. இதற்குச் சாதாரணப் பாமாயில் ஆகாது. நிறம் நீக்காத சிவப்புப் பாமாயில் மலேசியாவிலும் புட்டியில் விற்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும்.

அந்தச் சட்டியிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு மரம் வந்த வழி நீண்டது. அடிமைக் கப்பல்களின் காலத்தில் அட்லாண்டிக் கடந்த மரம் இது. பிரேசிலில் அதன் பெயர் டெண்டே, அங்கோலாவின் கிம்புண்டு மொழிச் சொல். தாவரவியலாளர் ஜாக்வின் 1763இல் இதற்கு எலியிஸ் கினியென்சிஸ் என்று பெயரிட்டதும் அமெரிக்கத் தாவரங்களைப் பற்றிய நூலில்தான். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலிக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் பரவின. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே வணிகமுறையில் நட்டார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக பிரெஞ்சு இலக்கியப் பரிசான கோன்கூரை 1930இல் பெற்றவர் அவரே.

மரம் வந்தது, அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் ஆப்பிரிக்க வண்டு கூட வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து பூவுக்குப் பூ கையால் தூவினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டை 1981இல் மலேசியாவில் முதலில் விட்ட இடங்களில் ஒன்று ஆயர் ஈத்தாமுக்கு அண்டையிலுள்ள குளுவாங். முள் குத்தக் குத்த அந்தப் பூக்களுக்குள் கைவிட்டவர்கள் வழங்கிய சொல் செம்பனை.

2021இல் இந்திய அரசு இந்த மரத்துக்கெனத் தேசிய இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டு உழவர்களும் நடுகிறார்கள். அங்கே அலுவலகக் காகிதங்களில் அது 'எண்ணெய்ப் பனை'. நேர் மொழிபெயர்ப்பு, குற்றமில்லை. ஆனால் நூறாண்டு உழைப்பில் பழகிய சொல் ஒன்று தமிழிலேயே இருக்கும்போது, வேளாண்துறைத் துண்டறிக்கைகளும் தமிழ் அகராதிகளும் செம்பனையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.