தோட்டத்து ஆஸ்பத்திரியும் தேறும் நாட்களும்



நோயில் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. ஆபத்து நீங்கியும் உடம்பு தேறாமல் இருக்கும் கட்டம் மற்றொன்று. இந்த இரண்டாவது கட்டத்தின் செலவை யார் ஏற்பது? நம் தோட்டங்களில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897-இல் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். மலையோரத் தோட்டங்களிலோ நிலைமை வேறு. காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் பட்டது. அந்தத் தெளிந்த நீரிலேயே வேறொரு வகைக் கொசு பெருகியது.

கொயினா காய்ச்சலைத் தணித்தது. ஆனால் இரத்தச் சோகையும் மண்ணீரல் வீக்கமும் உடனே தீர்வதில்லை. உடம்பு தேறுமுன்பே பலர் பால் வெட்டப் போனார்கள், மறுபடியும் படுத்தார்கள். ஏன் போனார்கள்? பெரட்டில் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், படுத்திருக்கும் நாளின் செலவு அடுப்படியில் தெரிந்தது.

மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்கள், ஆஸ்பத்திரி அமைக்கும்படி தோட்ட முதலாளிக்கு உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தன. செலவு முதலாளியுடையது. சிறிய தோட்டங்கள் செலவைச் சுருக்கின. கட்டில் இருந்தது, நிரந்தர டாக்டர் இல்லை. அன்றாடப் பொறுப்பு டிரெசரிடம். டாக்டர் அவ்வப்போது வந்து போவார். ஆகவே பல தோட்டங்கள் சேர்ந்து கூட்டு ஆஸ்பத்திரிகளை நடத்தின. செலவு பங்கிடப்பட்டது, சிகிச்சையின் தரம் உயர வழி பிறந்தது. ஆனால் நோயாளிக்குத் தூரம் கூடியது.

டிரெசரின் தகுதியை ஒழுங்குபடுத்த 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. பின்னாளில் தோட்ட ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டன. மக்கள் அரசாங்க மருத்துவமனைகளை நாடினார்கள்.

இன்று மேற்கு மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் நோய் விடுப்பு அளிக்கிறது. சேவைக் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டரின் சீட்டைப் பெற்று, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் முன்னோருக்குத் தேறும் நாளுக்குக் கூலி இல்லை. நமக்கு உண்டு. ஆகவே காய்ச்சல் விட்ட மறுநாளே கத்தியை எடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை ஓய்வெடுங்கள்.