கைத்தொலைபேசியைப் பார்த்தபடி ஓட்டியவர் உங்களை மோதிவிட்டாரா? நீங்கள் என்ன செய்யலாம்?

"ஒரே ஒரு மெசேஜ்தானே, பார்த்துட்டு வெச்சிடலாம்..."

சிங்கப்பூர்ச் சாலைகளில் வாகனம் ஓட்டும் பலருக்கும் தோன்றும் எண்ணம் இது.

விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் 25 மீட்டர் நகர்ந்துவிடும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் முழு நீளம் அது. அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் சம்மதிப்பீர்களா?

வாகனம் நகரும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது இங்கு குற்றம். முதன்முறை பிடிபடுவோருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே தவற்றைச் செய்தால் 2,000 வெள்ளி, 12 மாதம். அதோடு 12 குற்றப்புள்ளிகள். 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும். உரிமம் பெற்று ஓராண்டு ஆகாதவர்களுக்கு 13 புள்ளிகளே போதும், உரிமம் ரத்தாகிவிடும்.

விபத்தில் உயிர் போனால் கதையே வேறு. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு 3 ஆண்டு வரை சிறை. அபாயகரமாக ஓட்டியதாக நிரூபிக்கப்பட்டால், முதல் குற்றத்துக்கே 8 ஆண்டு வரை.

சரி, அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும்?

இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். 'காவல்துறை வழக்குப் போட்டாச்சு, பணம் தானா வந்துடும்' என்று காத்திருக்கிறார்கள். ஓட்டுநர் கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது, உங்களுக்கு அல்ல. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், வலி, வேதனை ஆகியவற்றுக்கான இழப்பீட்டை நீங்கள்தான் தனியாகக் கோர வேண்டும். பெரும்பாலும் அதைக் கொடுப்பது அவருடைய காப்புறுதி நிறுவனம். மற்றவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்குமான காப்புறுதி இல்லாமல் இங்கு யாரும் வாகனம் ஓட்டக்கூடாது.

கவனம்: காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். குற்றவியல் வழக்கு இழுத்துக்கொண்டே போனாலும் அந்தக் கெடு நிற்காது. ஓட்டுநர் குற்றவாளி என்று தீர்ப்பானால், அதை உங்கள் வழக்கில் ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் அதற்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம்.

'அவர் போனைப் பார்த்தார்' என்பதை எப்படி நிரூபிப்பது? அவருடைய கைத்தொலைபேசியை நீங்கள் வாங்கிப் பார்க்க முடியாது. விசாரணைக்காக அதைக் கைப்பற்றும் அதிகாரம் காவல்துறையிடம் இருக்கிறது. அதனால் உங்கள் வாக்குமூலத்திலேயே சொல்லிவிடுங்கள்: தலை குனிந்திருந்ததா, கையில் என்ன இருந்தது, பிரேக் சத்தம் கேட்டதா. வாகனக் கேமராப் பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். உங்கள் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். பக்கத்தில் நின்ற வாகன ஓட்டுநரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கழுத்துவலி மறுநாள்தான் தெரியும், அப்போது 'இது விபத்தால் வந்ததா?' என்ற கேள்வி எழும்.

சம்பவ இடத்திலேயே சில நூறு வெள்ளியை நீட்டி, "நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்" என்பார்கள் சிலர். காயம் எவ்வளவு என்றே தெரியாத நேரத்தில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் பக்கமும் தவறு இருக்கலாம். கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே சாலையைக் கடந்திருந்தால், நீதிமன்றம் அதற்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கும். இழப்பு 100,000 வெள்ளி, உங்கள் பங்கு 20 விழுக்காடு என்றால் கையில் வருவது 80,000.

மோதியவரிடம் காப்புறுதியே இல்லையா? மோதிவிட்டுத் தப்பிவிட்டாரா? அப்போதும் கதவு மூடவில்லை. வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பை நாடலாம்.

முதலாளி ஏற்பாடு செய்த லாரியிலோ பேருந்திலோ வேலைக்குப் போகும்போது அடிபட்ட ஊழியர்கள், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழும் கோரலாம். அதில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கெடு ஓராண்டுதான். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் முழுத் தொகை வாங்க முடியாது என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று முதலிலேயே ஆலோசனை கேட்பது நல்லது. 2025 ஜனவரி முதல் உணவு விநியோகம் போன்ற தளங்களில் வேலை செய்வோருக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால்? வருமானத் தகுதி இருக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். சமூக அளவில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களும் உண்டு. போகும்போது காவல்துறைப் புகாரின் நகல், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், கட்டண ரசீதுகள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.