மனைக்கல்வியும் கூந்தற் பின்னலும்

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளிகள் தோன்றிய ஆண்டுகளையும் அவற்றை நிறுவிய பெரியோர் பெயர்களையும் தேடித் தொகுத்தல் மரபு. ஆயின், பள்ளிகள் தோன்றுமுன்னரே மனைகளில் நிகழ்ந்துவந்த கல்வி ஒன்றுண்டு. அதற்கு ஏடில்லை, தேர்வில்லை, ஆசிரியர் பெயரும் எஞ்சவில்லை. கொக்குவில் முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களில் தாய் மகளுக்குக் கூந்தல் பின்னப் பழக்கியமை அத்தகைய கல்விகளுள் ஒன்றாகும்.

கூந்தல் ஒப்பனை தமிழரிடையே மிகத் தொன்மையானது. சங்க நூல்கள் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' எனக் குறிக்கின்றன. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடிக்கப்படுதலின் அப்பெயர் பெற்றது என்பர். வடமொழியிலும் 'வேணி' என்பது பின்னலைக் குறிக்கும் சொல். மூன்று ஆறுகள் கூடுமிடமாகப் போற்றப்பெறும் பிரயாகை 'திரிவேணி' எனப் பெயர் பெற்றமை, முப்புரிப் பின்னல் மக்கள் மனத்தில் எத்துணை ஆழப் பதிந்திருந்தது என்பதைக் காட்டும்.

யாழ்ப்பாண வழக்கில் தலைவாருதலைத் 'தலை இழுத்தல்' என்பர். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, உச்சி பிரித்து, கூந்தலை மூன்று கற்றைகளாக வகுத்தல் முதற்படி. வலப்புறக் கற்றையை நடுக்கற்றையின் மேலிட, அதுவே நடுக்கற்றையாகும்; அடுத்து இடப்புறக் கற்றை அவ்வாறே நடுவை அடையும். விதி இவ்வளவே. ஆயினும், கற்றைகள் ஒத்த பருமனாய் அமைதலும், இழுவை மிகாமலும் தளராமலும் நிற்றலும் கைப்பழக்கத்தால் மட்டுமே வருவன. இழுவை மிகின் தலை நோகும்; தளரின் பின்னல் மாலைவரை நில்லாது. இதனைச் சொல்லால் உணர்த்துதல் அரிது. சிறுமி முதலில் தன் தலையில் தாயின் கையிழுவையை உணர்கிறாள். பின்னர்த் தங்கையின் தலையில் பழகுகிறாள். இறுதியில், தன் கண்ணாற் காணவியலாத பிடரியில், விரலுணர்வே துணையாகத் தானே பின்னுகிறாள். தென்னோலையைக் கிடுகாக முடைதற்கும் இவ்வூர்களில் 'பின்னுதல்' என்பதே வழக்கு. வளவைக் காத்த வேலிக் கிடுகுக்கும் மகளின் கூந்தலுக்கும் ஒரே வினைச்சொல் பயன்பட்டது.

இம்மனைக்கல்விக்கு அயலே பள்ளிக்கல்வி வந்து சேர்ந்தது. கொக்குவிலுக்கு வடக்கே, உடுவிலில் அமெரிக்க மிசனார் 1824 இல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் சைவப் பெண்களுக்கு ஒரு கல்லூரியை நிறுவினார். விடுதியில் தாயின் கை இல்லை. மாணவியர் தமக்குத் தாமே பின்னவோ, ஒருவருக்கொருவர் பின்னவோ வேண்டியவராயினர். நாளடைவில் றிபன் கட்டிய இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடையுடன் பள்ளி மாணவியின் அடையாளமாயிற்று. மறுபுறம், ஆங்கிலக் கல்வியும் அரச உத்தியோகமும் பரவப் பரவ ஆடவரின் குடும்பி மறைந்தது. மரபைத் தலையிற் சுமக்கும் கடமை மகளிர்க்கே எஞ்சிற்று.

அக்கடமையில் அன்பும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. சிறுமியின் பின்னல், மணமகளின் பூச்சூடிய சடை, முதியவளின் கொண்டை என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. கணவனை இழந்தவள் பூச்சூடும் உரிமையையும் இழந்தாள். இவ்வழக்கம் தந்த துயரையும் மறைக்காது கூறுதல் வரலாற்றின் கடனாகும்.

1995 ஒக்டோபர் 30 அன்று தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். கொக்குவில் மக்களும் வீடுவாசலை விட்டகன்றனர். பின்னர்ப் பலர் மீண்டனர். பலர் கடல் கடந்தனர். அதற்கு முன்பிருந்தே போரினாற் சிதறத் தொடங்கிய குடும்பங்களில், தாய் ஒரு நாட்டிலும் மகள் வேறொரு நாட்டிலும் வாழும் நிலை எழுந்தது. நூலை அனுப்பலாம், மடலும் எழுதலாம். பின்னலைக் கற்பித்தற்கோ இருவர் ஒருவர் பின் ஒருவராக அமர்தல் வேண்டும். இன்று கைபேசித் திரையில் முறையைக் காட்டலாம். கையின் இழுவையைத் திரை கடத்தாது. போரினால் இழந்தவற்றைக் கணக்கிடுவோர் வீட்டையும் காணியையும் உயிரையும் எண்ணுவர். தடைப்பட்டுப் போன இத்தகைய கைவழிக் கல்விகள் அக்கணக்கில் ஏறுவதில்லை.

கூந்தலை நீள வளர்த்தலும் குறைத்தலும் இன்று அவரவர் விருப்பம், அவ்வுரிமை வரவேற்கத்தக்கதே. எனினும், தாயும் பேர்த்தியும் வழிவழி அறிந்துவந்த ஒரு கலை எவர் ஏட்டிலும் ஏறாது மறைதல் முறையன்று. தலைமுழுக்கின் நாட்கள், எண்ணெய் காய்ச்சிய பக்குவம், பின்னலின் வகைகள், அவற்றுக்கு ஊரார் இட்ட பெயர்கள் ஆகியவற்றை நம் மாணவர் தத்தம் இல்லத்து மூதாட்டியரிடம் கேட்டு எழுதுவாராயின், கல்வி வரலாற்றில் விடுபட்ட ஓர் ஏடு நிரம்பும். அதற்குத் தொலைவிலுள்ள ஆவணக் காப்பகம் எதனையும் நாடவேண்டுவதில்லை. வீட்டு விறாந்தையே போதும்.