அடிநாதத்தின் வரலாறு: டியூபா ஒலிக்கும் சில இசைப்பதிவுகள்

சுவா சூ காங்கில் எம்முடன் வாழும் பெயர்த்தி, உயர்நிலை முதலாம் ஆண்டில் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்தாள். அவள் விரும்பியது புல்லாங்குழல், கிடைத்ததோ டியூபா. ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள அந்தப் பித்தளைக் கருவியை அணைத்துக்கொண்டு அமர்ந்தால் அவள் முகம் பாதி மறைந்துவிடும். முதல் மாத இறுதியில், “தாத்தா, எல்லாருக்கும் பாட்டு இருக்கு, எனக்குப் பூம் பூம் மட்டும்தான். நான் விட்டுடப் போறேன்” என்றாள். அறிவுரை கூறுவதினும் கேட்கச் செய்வதே நன்று எனக் கருதினோம். சில சனிக்கிழமைகளில் அவளோடு அமர்ந்து கேட்ட ஒலிப்பதிவுகளே இவ்வுரைக்கு அடிப்படை. நாம் இசை வல்லுநர் அல்லோம். ஒலியியல் பயின்ற காது ஒன்றே நம்மிடம் உண்டு.

மொழியிலிருந்தே தொடங்குவோம். நாகசுரத்திற்குப் பக்கத்தில் நின்று, ஒரே சுருதியை இடைவிடாது ஊதும் கருவி ஒத்து. அஃதின்றி நாகசுரக்காரரின் இராக ஆலாபனைக்கு நிலைக்களன் இல்லை. ஆயினும் நம் பேச்சுவழக்கில் ‘ஒத்து ஊதுதல்’ என்பது சுயபுத்தியின்றித் தலையாட்டுவதைக் குறிக்கும் இகழ்ச்சித் தொடராயிற்று. அடிநாதத்தை இழிவாக எண்ணும் போக்கு குழந்தையிடம் மட்டும் இல்லை. நம் சொற்களிலேயே படிந்துள்ளது.

‘டியூபா’ என்னும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. உரோமானியர் போர்க்களத்தில் ஊதிய நேரான எக்காளத்திற்கு அப்பெயர் வழங்கிற்று; குழாயைக் குறிக்கும் சொல்லோடு அது தொடர்புடையது. தமிழில் ‘தூம்பு’ என்பதும் உள்ளீடற்ற குழாயையும் மூங்கிலையும் ஓர் ஊதுகருவியையும் குறிக்கும். பாணர் சுமந்து செல்லும் கருவிகளைச் சொல்லும் மலைபடுகடாம், தூம்பின் ஓசைக்கு யானையின் பெருமூச்சை உவமையாக்குகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அக்கருவியை நெடுவங்கியம் என்பார். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து, தமிழே மூலம் என்று மகிழ்வோர் உளர். ஒலி ஒப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ஒழுங்கான ஒலி மாற்றங்கள் பல சொற்களில் காட்டப்பெறல் வேண்டும். இது தற்செயல் ஒப்புமை என்றே நாம் கொள்கிறோம். யானை உவமையை மட்டும் பெயர்த்தி மிக விரும்பினாள்.

கருவியின் வரலாறு அத்துணைப் பழையதன்று. வில்லெம் வீப்ரெக்ட் என்னும் படைவாத்தியத் தலைவரும் மோரிட்சு என்னும் கருவி செய்வோரும் 1835 செப்டம்பரில் பெர்லினில் ஐந்து வால்வுகள் கொண்ட டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். அதற்கு முன்னர் அவ்விடத்தைப் பாம்பு வடிவச் ‘செர்பென்ட்’ முதலியன நிரப்பின. இங்கு ஒரு கால ஒப்புமை. ஐரோப்பிய வாத்தியக் குழுவைத் தஞ்சை அரண்மனையில் போற்றிய இரண்டாம் சரபோசி மறைந்தது 1832இல். ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்குச் சமற்கிருதச் சாகித்தியம் அமைத்த முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது அதே 1835 அக்டோபரில். ஆகவே, நொட்டுஸ்வர சாகித்தியங்களுக்கு வித்திட்ட மேலை இசையில் டியூபா இல்லை.

ஒலிப்பதிவு வரலாற்றில் இக்கருவிக்கு விந்தையானதோர் இடம் உண்டு. 1925 அளவில் மின்முறைப் பதிவு வருமுன்னர், கலைஞர்கள் பெரிய கூம்பொன்றின் முன் நெருங்கி நின்று வாசித்தனர். டபுள் பேஸின் மெல்லிய தாழ்குரலைக் கூம்பு வாங்கிக்கொள்ளவில்லை. ஆதலின் அதன் பகுதியைப் பலவேளை டியூபாவிடம் ஒப்படைத்தனர். இயற்றியவர் எழுதாத இடத்திலும் அது ஒலித்தது. பழைய தட்டுகளைக் கேட்கும் மாணவர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

இனி, பரிந்துரைக்கத்தக்கவை. முதலாவதாக நாம் வைப்பது, ரால்ப் வாகன் வில்லியம்சு 1954இல் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு எழுதிய டியூபா கான்செர்ட்டோ. அப்போது அவருக்கு அகவை 81. பிலிப் கேட்டலினெட் வாசிக்க, பார்பிரோலி இயக்க, அது அவ்வாண்டிலேயே பதிவாயிற்று. அதன் நடுப்பகுதியாகிய ரொமான்சாவைக் கேட்டபின் இக்கருவிக்குப் பாட்டு இல்லை என யாரும் கூறார். ஒலித்தெளிவு வேண்டுவோர், அதே குழுவில் பின்னாளில் வாசித்த ஜான் பிளெட்சர், ஆந்திரே பிரெவினுடன் செய்த பதிவை நாடலாம். நம் காதுக்கு ரொமான்சாவில் பிளெட்சரே இனியவர்.

சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை வாசித்த ஆர்னல்டு ஜேக்கப்சு தனித்துக் கூறத்தக்கவர். இதே கான்செர்ட்டோவை அவர் பேரன்பாயிமின் இயக்கத்தில் பதிந்துள்ளார். மூச்சைப் பற்றி அவர் கற்பித்தவை பிற ஊதுகருவிக் கலைஞரையும் ஈர்த்தன. உடலின் தசைகளை எண்ணிக்கொண்டிராமல், வேண்டிய ஒலியை முதலில் மனத்தில் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பேச்சொலி பிறக்குமாற்றை நுரையீரலிலிருந்து தொடங்கிக் கற்பித்த எமக்கு, நாம் பின்திரும்பி நின்று கற்பித்தோமோ என்ற ஐயம் இவரால் எழுந்தது.

முசோர்க்சுகி 1874இல் பியானோவுக்கு எழுதிய ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ என்பதை ராவெல் 1922இல் பெருங்குழுவுக்கு அமைத்தார். அதில் மாட்டுவண்டி ஒன்று நெருங்கி வந்து, கடந்து, மறையும். அந்த வண்டியின் பாட்டு டியூபாவுடையது. சுருதி மிக மேலே செல்வதால் பல குழுக்கள் அதனை யூஃபோனியத்திடம் தருவதுண்டு. பிரிட்சு ரைனர் 1957இல் சிகாகோக் குழுவைக் கொண்டு செய்த பதிவில், இறுதியான கீவ் நகரப் பெருவாயில் பகுதியைக் கேட்க. ஜேக்கப்சின் அடிநாதத்தின் மேலேயே அவ்வாயில் நிற்கிறது. மாலரின் முதலாம் சிம்ஃபனியில், மூன்றாம் பகுதியில், குழந்தைப் பாட்டின் மெட்டு சோக நடையில் டபுள் பேஸிலிருந்து பசூனுக்கும் செல்லோவுக்கும் சென்று டியூபாவை அடையும் இடமும் சிறிதே எனினும் மறவற்க.

மாணவர் அனைவரும் அறிந்த பதிவொன்றும் உண்டு. 1975ஆம் ஆண்டின் ‘ஜாஸ்’ திரைப்படத்தில் சுறாவின் வரவை உணர்த்தும் உயர்சுருதி டியூபாவை ஊதியவர் டாமி ஜான்சன். இதனைக் கூறியதும் பெயர்த்தி வியப்புற்று, மறுநாளே குழுவின் ஓய்வுவேளையில் ஊதிக் காட்டினளாம்.

உள்ளூரையும் மறத்தல் கூடாது. நம் பள்ளி வாத்தியக் குழுக்கள் 1960களின் நடுவில் வேரூன்றியவை. 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழா அவற்றுக்கு மேடையாயிற்று. 1979 ஜனவரியில் சூ ஹோய் தலைமையில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு முதல் நிகழ்ச்சியைப் படைத்தது. லான் சுயி இயக்கத்தில் அக்குழு சுவீடன் நாட்டு ‘பிஸ்’ நிறுவனத்திற்குப் பதிந்த டெபுசியின் ‘கடல்’ நம் பட்டியலில் இடம்பெறும். அங்கு டியூபா தனித்துத் தெரியாது. அலையின் அடியில் நீர் திரள்வதுபோல் இருக்கும். பழகிய காதுக்கே அது புலப்படும். ஆதலின் இறுதியில் கேட்பிக்க.

துவோர்சாக்கின் ‘புதிய உலகம்’ 1893இல் நியூயார்க்கில் முதன்முதல் ஒலித்தது. நான்கு பகுதிகளில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை. அங்கும் மொத்தம் 14 சுரங்கள். ரைனரின் பதிவை ஒலிக்கவிட்டு இதனைக் கூறினோம். பெயர்த்தி சிரிக்கவில்லை. “அந்த ஆள் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்துட்டு, சுருதி தப்பாம எப்படி ஆரம்பிப்பார்?” என்றாள். எம்மிடம் விடையில்லை. அவள் பதிவைத் தொடக்கத்திற்குத் திருப்பி, இரண்டாம் பகுதியை மறுபடியும் ஒலிக்கவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள்.