நெகடிவும் தாளின் எண்ணும்

கறுப்பு வெள்ளைப் படங்களின் வரலாற்றைக் கூறுவோர் காமிராவைப் பற்றியே மிகுதியும் பேசுவர். படம் பதிந்த தாளைக் குறித்துப் பேசுவார் அரியர். அத்தாளுக்கும் வரலாறு உண்டு. அதில் நம் நீலகிரிக்கும் பங்குண்டு.

1858ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தார். அந்நாளில் தாளில் எண் வேற்றுமை கிடையாது. நெகடிவ் எவ்வாறோ படமும் அவ்வாறே. வானம் வெறுமையாக வந்தமையால், நெகடிவின்மீதே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார் டிரைப்.

1893இல் லியோ பேக்லண்ட் என்பார், விளக்கொளியிலேயே அச்சிடத்தக்க 'வெலாக்ஸ்' தாளை வெளியிட்டார். (பழைய தொலைபேசிகளுக்கு உடல் தந்த பேக்கலைட்டைப் பின்னாளில் கண்டவரும் இவரே.) காலப்போக்கில் தாள்கள் சாஃப்ட், நார்மல், ஹார்ட் எனப் பிரிந்து, 0 முதல் 5 வரை எண் பெற்றன. எண் ஏறினால் தாள் உயர்ந்தது என்று கொள்ளலாகாது; இது ரயில் வண்டியின் வகுப்பன்று! உச்சி வெயிலில் எடுத்த நெகடிவை நார்மல் தாளில் அச்சிட்டால் வேட்டி ஒரேயடியாய் வெளுத்து, முகம் இருண்டு கிடக்கும். அதற்கு 1ஆம் எண் தாளே தகும். மடிப்பும் தெரியும், கண்ணும் தெரியும். மழை மூட்டத்தில் எடுத்து மங்கிய நெகடிவுக்கோ 4ஆம் எண் வேண்டும். நெகடிவை இனி மாற்ற இயலாது. ஆனால் அதற்கேற்ற தாளைத் தேரலாம். ஒரு கம்பெனியின் 2 மற்றொன்றின் 2 ஆகாது என்பதுதான் சங்கடம்.

1940இல் இங்கிலாந்தின் இல்போர்டு கம்பெனி 'மல்டிகிரேடு' தாளைக் கொணர்ந்தது. மஞ்சள் வடிகட்டியிட்டால் மென்மை, ஊதா கலந்த சிவப்பிட்டால் கடுமை என ஒரே தாள் பல எண்களின் வேலையைச் செய்தது.

நம் நாட்டில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கியது. குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும் அவ்விடத்தைத் தேரக் காரணம். 'இந்து' என்னும் அதன் பெயர் ஸ்டூடியோக்கள் எங்கும் பழகியது. 1990களில் நலிவுற்ற அவ்வாலை பின்னர் மூடப்பட்டது.

ஆலை போயினும் நெகடிவுகள் உள்ளன. கராடிக்குக் குடிவந்த நம்மவர் சிலரின் பெட்டிகளிலும் அவை இருக்கக்கூடும். அச்சிட்ட படம் சாம்பல் பூத்திருப்பதைக் கண்டு, நெகடிவையும் சேர்த்து எறிந்துவிடுவாருளர். அன்று அவசரத்தில் ஸ்டூடியோக்காரர் எடுத்த எண் பொருந்தாதிருந்திருக்கலாம். மல்டிகிரேடு தாள் இன்றும் இங்கிலாந்தில் தயாராகிறது. எறியுமுன் அந்நெகடிவை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாட்டனாரின் கண்கள் அதில் தெளிவாக இருந்தால், தாளிலும் அவற்றை வரவழைக்கலாம்.