காய்ச்சல் மலை

சுருளிப்பட்டிப் பக்கம் போனால் நெல் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் கண்ணை நிறைக்கும். மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்ட பென்னிகுயிக்குக்கு, அவர் பிறந்த ஜனவரி 15-இல் இந்தப் பக்கத்து ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அணைக்காகக் காட்டில் மாண்ட கூலிகளின் பெயரை யார் அறிவார்?

1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. வெள்ளமும் காட்டு விலங்குகளும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி முறைக் காய்ச்சல், அதாவது மலேரியா. நோயால் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களைப் புதைத்த இடம் அணைக்கு அருகில் இருக்கிறது.

கெட்ட காற்றுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கே அதுதான் பொருள். 1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் கிருமியைப் பார்த்துவிட்டார். அது உள்ளே வந்த வழிதான் தெரியவில்லை.

தெரியாததில் ஆச்சரியமில்லை. பெண் அனாபிலிஸ் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு கிருமி உடம்பில் இறங்குகிறது. சிறிது நேரத்தில் கல்லீரலில் பதுங்கிக்கொள்கிறது. அங்கே ஒரு வாரம் போல ஓசையின்றி ஒன்று பல ஆயிரமாகிறது. ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கல் சுமப்பான், கஞ்சி குடிப்பான். பிறகு கூட்டம் வெளிப்பட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களில் புகுந்து, உள்ளிருப்பதைத் தின்று பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வருகிறது. எண்ணற்ற அணுக்கள் ஒரே சமயத்தில் உடையும் வேளையில்தான் பல் கிட்டும் குளிர், பிறகு அனல், பிறகு வியர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி முறைவைத்து வருவதால்தான் அந்தப் பெயர். கிருமியில் கொடிய இனம் ஒன்றுண்டு. அது புகுந்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் அப்புறம் பிழைப்பது அரிது.

கடித்தது என்றைக்கோ, காய்ச்சல் இன்றைக்கு. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

லண்டனில் மான்ஸனுக்குத் தோன்றியது. அதைத் தேடிப் பிடித்தவர் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர். 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார். அணையைத் திறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை!

கொயினா மருந்து அதற்கு முன்பே உண்டு. ஆனால், குடிசையைச் சுற்றித் தேங்கிய நீரை வடித்துவிடு, வலை கட்டிக்கொண்டு படு என்று அந்தக் கூலிகளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. மலையைக் குடையத் தெரிந்த காலத்துக்குக் கொசுவைத் தெரியவில்லை. பென்னிகுயிக்குக்கு வைக்கும் பொங்கலில் ஒரு பிடி, பெயர் தெரியாத அவர்களுக்கும் சேர வேண்டியது.